கண்ணாடி பாட்டிலில் எடுத்த இரத்தம்

கலை,

கடிதம் என்றால் நலம் என்று தொடங்கி, நலமறிய ஆவல் என்று போகவேண்டும். முதல் வார்த்தையை எழுத எனக்கு யோக்கியதை இல்லை. இரண்டாவதை நூறு தடவை எழுதலாம். போன ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில் உன் வீட்டுக்கு வந்து, உன் மாமியார் போட்ட காபியைக் குடித்து, மதியம் இரண்டு தரம் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டு, சொல்ல வந்ததைச் சொல்லாமலே கடலூர் பஸ் ஏறிவிட்டேன். என்னை நானே திட்டிக்கொண்டு வந்ததில் ஆலப்பாக்கம் தாண்டியதுகூடத் தெரியவில்லை. முப்பது வருஷமாக லேப் நடத்தும் மனுஷன், எத்தனையோ பேரிடம் எத்தனையோ கெட்ட ரிப்போர்ட்டை நீட்டியவன், பெற்ற பெண்ணிடம் நாலு வார்த்தை பேச முடியாமல் திரும்பி வந்தேன். அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும். நிதானமாகப் படி, ஆனால் நடுவில் நிறுத்திவிடாதே.

உன் வளைகாப்பு அன்றைக்கே எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. உன் அத்தை உன் இரண்டு கைக்கும் வளையல் அடுக்கிக்கொண்டிருந்தாள். நீ சிரித்துக்கொண்டேதான் இருந்தாய். நடுவில் ஒருதரம் கையை இழுத்துக்கொண்டு, நாற்காலியின் நுனிக்கு வந்து, முன்னால் குனிந்து மூச்சை இழுத்தாய். "புள்ள மேல முட்டுது, அதான் மூச்சு வாங்குது. எங்களுக்கெல்லாம் வாங்கலியா?" என்றாள் அத்தை. எல்லாரும் சிரித்தார்கள். நான் உன் காலைப் பார்த்தேன். கொலுசு பதிந்து கோடு விழுந்திருந்தது. ஏழு மாதக் கர்ப்பிணிக்குக் கால் வீங்குவது ஊரில் இல்லாததா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்புறம் பந்தியில் உன் மாமியார் பேச்சுவாக்கில் சொன்னார்: "ராத்திரியில படுக்கவே மாட்டேங்குதுங்க. மூணு தலகாணி வெச்சி உக்காந்துகினே தூங்குது." உன் அம்மாவும் அப்படித்தான் உட்கார்ந்துகொண்டே தூங்கினாள்.

மறுநாளே உனக்குப் போன் செய்தேன், ஞாபகம் இருக்கிறதா? ஒரு இரத்த டெஸ்ட், இதயத்துக்கு எக்கோ என்று ஒரு ஸ்கேன், இரண்டையும் எடுத்துப் பார்த்துவிடலாம் என்றேன். "ஏம்ப்பா, ஒன் லேபுக்கு ஆளு வரலன்னா என்னையா புடிப்ப?" என்று கேலி செய்தாய். நான் விடாமல் கேட்டதும் உனக்குக் கோபம் வந்தது. "அம்மாவுக்கு மொதல்ல அந்த டெஸ்டு எடுத்தப்போ நார்மல்னுதான வந்துச்சு? அப்புறம் அந்த மூட்டுவலிக் காய்ச்சல் வந்துதான ஹார்ட்டு கெட்டுச்சு? எனக்கு இன்னா காய்ச்சலா வந்துச்சு? சும்மா பயமுறுத்தாத." சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். நீ சொன்னதில் உன் தப்பு ஒன்றுமில்லை. அது உனக்கு நான் சொல்லிக்கொடுத்த கதை. உனக்கு, உன் அம்மாவுக்கு, அவளைப் பார்த்த டாக்டருக்கு, எல்லாருக்கும் நான் சொன்ன கதை. அது பொய், கலை.

உனக்குத் தெரிந்த இடத்திலிருந்தே தொடங்குகிறேன். சுனாமிக்கு அடுத்த வருஷக் கடைசியில் உன் அம்மாவுக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. நீ அப்போது கல்லூரி ஹாஸ்டலில் இருந்தாய். திருப்பாதிரிப்புலியூரில் நம் லேப் மாடியில்தான் இருந்தது. காலையில் அவள்தான் போய்த் திறப்பாள். வருகிறவர்களின் பெயரை ரெஜிஸ்டரில் எழுதுவது, பாட்டிலில் லேபிள் ஒட்டுவது, சாயங்காலம் பாட்டில்களைக் கழுவுவது எல்லாம் அவள் வேலை. பெனிசிலின் மருந்து வந்த சின்னக் கண்ணாடி பாட்டில்கள். ஊசி போட்டுவிட்டு ஆஸ்பத்திரிகளில் தூக்கிப்போடுவதை மொத்தமாக வாங்கி வருவேன். அவள் கழுவி, வெந்நீரில் அலசி, காயவைத்து, இரத்தம் உறையாமலிருக்கும் மருந்தைச் சொட்டுவிட்டு மறுபடி காயவைத்து அடுக்குவாள். ஊதா மூடி போட்ட பிளாஸ்டிக் ட்யூப் அப்போதே வந்துவிட்டது. பெட்டி பெட்டியாகக் காசு கொடுத்து அதை வாங்குகிறவர்களை நான் நக்கல் செய்வேன். "எங்க வூட்டம்மா கழுவுன பாட்டில்ல கிருமி கூட வழுக்கி வுழுந்துடும்" என்று வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வேன். அவளும் அதைக் கேட்டுச் சிரிப்பாள்.

மூச்சு வாங்குவதற்கு டாக்டரிடம் கூட்டிப்போனேன். இதயத் தசை பலவீனமாக இருக்குமோ என்று சந்தேகமாக இருக்கிறது, எக்கோ எடுங்கள், சென்னைக்கு இரத்தம் அனுப்பி பி.என்.பி. என்று ஒரு டெஸ்டும் பாருங்கள் என்றார். எனக்கு அந்த டெஸ்ட் அப்போதுதான் புதிது. இதயத் தசை இழுபட்டு அவதிப்படும்போது அதுவே ஒரு பொருளை இரத்தத்தில் விடும், அவதி கூடக்கூட அதுவும் கூடும், அதை அளந்து இதயத்தின் நிலைமையைச் சொல்லலாம் என்று படித்ததும் எனக்கு ஒரே குஷி. என் தொழில் இவ்வளவு தூரம் வந்துவிட்டதே என்று பெருமை. எக்கோவுக்குப் பாண்டிச்சேரி போகவேண்டும், ஒருநாள் லேபை மூடவேண்டும். முதலில் இரத்தத்தைப் பார்ப்போம், அதில் கெட்டதாக வந்தால் எக்கோ பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தது நான்தான். டாக்டர் சொல்லவில்லை. உன் அம்மாவை ஸ்டூலில் உட்காரவைத்து நானே இரத்தம் எடுத்தேன். அவள் முந்தின நாள் கழுவிவைத்த பாட்டிலில் விட்டேன். அவளே தன் பெயரை லேபிளில் எழுதி ஒட்டினாள். "பேரு கோணலா பூட்டுச்சு மாமா" என்றாள். பெட்டியில் வைத்து சென்னை பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

இரண்டாம் நாள் ரிப்போர்ட் வந்தது. இரண்டு இலக்கத்தில் ஒரு சின்ன எண். அழகாக நார்மலுக்குள் இருந்தது. படியில் ஏறும்போதே கத்தினேன், "நார்மல்டீ" என்று. அவள் சிரித்தாள், ஆனால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று சிரித்தாள். அது என் கண்ணில் படவே இல்லை. டாக்டர் அந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "இதுல நல்லா இருக்கு. இருந்தாலும் எக்கோ ஒண்ணு பாத்துடுங்க" என்றார். பார்க்கலாம் சார் என்று வந்துவிட்டேன். இரத்தசோகை என்று நானே முடிவு கட்டி இரும்புச்சத்து மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். "இன்னும் வாங்குது மாமா" என்று அவள் சொல்லும்போதெல்லாம், "ரிப்போர்ட்டே நார்மல்ங்குது, நீ ஏன் நொய் நொய்ன்ற" என்று எரிந்து விழுந்திருக்கிறேன்.

இந்தப் புத்தி எனக்கு எப்போதும் உண்டு. நீ பிளஸ் டூ ரிசல்ட் பார்த்துவிட்டு வந்து நின்றபோது நான் என்ன கேட்டேன்? கணக்கில் அந்த ஆறு மார்க் எங்கே போயிற்று என்று கேட்டேன். உன் அம்மா கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு வந்து, "மொதல்ல புள்ள மூஞ்சியப் பாருங்க, அப்பறம் மார்க்கப் பாப்பீங்க" என்று என்னைக் கடிந்துகொண்டாள். உனக்கு அன்றைக்கு நூற்றியிரண்டு ஜுரம். ரிசல்ட் பார்க்கிற பரபரப்பில் நீயும் சொல்லவில்லை, நானும் பார்க்கவில்லை. பிள்ளை பிறந்ததும் அதன் எடை எத்தனை என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். நீயாவது கொஞ்சநேரம் அதன் முகத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் எடையைக் கேள்.

பதினோரு மாதம் போயிற்று. மழைக்காலத்தில் ஊரே மூட்டுவலிக் காய்ச்சலில் படுத்தபோது அவளும் படுத்தாள். காய்ச்சல் விட்டும் எழுந்திருக்க முடியவில்லை. பாண்டிச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே இரத்தம் எடுக்க வந்த பெண் பிளாஸ்டிக் ட்யூபோடு நின்றாள். ஒரே தொழில்காரன் என்ற உரிமையில் நான், "எங்க ஊர்ல பெனிசிலின் பாட்டில்லயே எடுத்துடுவோம்மா" என்று சும்மா சொன்னேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். "மத்த டெஸ்டுக்கு எடுங்க சார். பி.என்.பி.க்கு கண்ணாடியே கூடாது. கண்ணாடி பட்டா அந்தப் பொருள் அழிய ஆரம்பிச்சிடும். இருக்கறதவிட கம்மியா காட்டும். பேப்பர்ல போட்டிருப்பாங்களே, நீங்க பாக்கலியா?" டெஸ்டைப் பற்றி சென்னையிலிருந்து அனுப்பிய காகிதத்தின் முன்பக்கத்தை மட்டும் நான் படித்திருந்தேன். பின்பக்கத்தைத் திருப்பவில்லை. ஊருக்கு வந்து தேடி எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். முதல் வரியே அதுதான்.

அன்றைக்குப் பாண்டிச்சேரியில் வந்த எண் நான்கு இலக்கத்தில் இருந்தது. எக்கோவில் இதயம் பெருத்து, தசை தொய்ந்து, தள்ளவேண்டிய இரத்தத்தில் பாதிகூடத் தள்ளாமல் இருந்தது. அரைமணி நேரம் கழித்து இதய டாக்டர் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். இது எப்போதிலிருந்து இருக்கிறது, முன்னால் ஏதாவது டெஸ்ட் எடுத்தீர்களா என்று கேட்டார். கலை, என் வாழ்க்கையில் அந்த ஒரு நிமிஷத்தைத் திருப்பிக் கொடுத்தால் போதும், வேறு ஒன்றும் வேண்டாம். கண்ணாடி பாட்டில் விஷயம் அந்தப் பெண் சொல்லி எனக்கு ஏற்கெனவே தெரியும். ஆனால் நான் சொன்னது, "போன வருஷம் எடுத்தோம் சார், பி.என்.பி. நார்மல்." நானும் லேப் வைத்திருப்பவன் என்று அவரிடம் முன்பே சொல்லியிருந்தேன். அவர் என்னை நம்பினார். "அப்ப இது இந்த வைரஸ் காய்ச்சலால வந்ததா இருக்கும்" என்று எழுதிக்கொண்டார். பாட்டிலில் எடுத்தது அறியாமை. அந்த நிமிஷம் சொன்னது அறியாமை இல்லை. என் மானம் போய்விடும் என்று சொன்ன பொய்.

அப்புறம் உன் அம்மாவின் படுக்கைக்கு வந்து அவர் இன்னொரு கேள்வியும் கேட்டார். குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்திருக்கிறார்களா என்று. உன் அம்மா படுக்கையிலிருந்தே, "இல்ல சார், அண்ணன் ஒருத்தரு கடல்ல பூட்டாரு, அவ்ளோதான்" என்றாள். டாக்டர், அவர் மூழ்கிப்போனதாக நினைத்துக்கொண்டு அதை எழுதவே இல்லை. உன் தாய்மாமன் மூழ்கிச் சாகவில்லை. முப்பத்துநாலு வயதில், படகில், வலை இழுத்துக்கொண்டிருக்கும்போது மூச்சு வாங்குது என்று சொல்லி ஓரமாக உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்தார். கூடப்போனவர்கள் சொல்லி எனக்குத் தெரியும். நம் கரையில் கடலுக்குப் போன இடத்தில் செத்தால் கடல் எடுத்துக்கொண்டது என்பார்கள். அதற்குமேல் எதனால் என்று யாரும் கேட்கமாட்டார்கள், அதை நோய்க்கணக்கில் சேர்க்கமாட்டார்கள். உன் அம்மா பழக்கத்தில் சொன்னாள். பக்கத்தில் நின்ற எனக்கு அது என்ன சாவு என்று புரிந்தது. வாயைத் திறந்தால் பேச்சு வளர்ந்து பழைய டெஸ்டுக்கு வந்து நிற்குமோ என்று பயந்து சும்மா நின்றேன். அன்றைக்குச் சொல்லியிருந்தால், இது இரத்தசொந்தத்தில் வரும் தசைநோயாக இருக்கலாம், உங்கள் பெண்ணையும் பார்க்கவேண்டும் என்று அவர் அப்போதே சொல்லியிருப்பார்.

அதற்கப்புறம் இரண்டு வருஷம் உன் அம்மாவைப் பார்த்துக்கொண்டோம். நீயும் பார்த்தாய். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எண் வரும். குறைந்தால் பாயசம், கூடினால் வீட்டில் பேச்சில்லை. தண்ணீர் போகும் மாத்திரையால் நாலு நாள் குறையும், மறுபடி ஏறும். முன்னாடியே பிடித்திருந்தால் பிழைத்திருப்பாளா? தெரியாது. டாக்டரைக் கேட்டால் சொல்வார், கேட்க எனக்குத் தைரியம் கிடையாது. அவளிடம் ஒருநாள் சொல்லிவிடலாம் என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "இன்னா மாமா?" என்றாள். பாட்டில் என்று ஆரம்பித்தாலே, "நான் சரியா கழுவலியா மாமா?" என்றுதான் கேட்பாள். அவள் கழுவியதில் ஒரு குறையும் கிடையாது. எவ்வளவு கழுவினாலும் கண்ணாடி கண்ணாடிதானே. கால் அமுக்கிவிடவா என்று கேட்டேன். காய்ச்சல்தான் தன்னைக் கொண்டுபோகிறது என்று நம்பிக்கொண்டே போய்ச் சேர்ந்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை வந்தபோது என் பையில் ஒரு ஊசியும் இரண்டு பிளாஸ்டிக் ட்யூபும் இருந்தன. ஹீமோகுளோபின் பார்க்கிறேன் என்று சொல்லி உன் இரத்தத்தை எடுத்து, உனக்குத் தெரியாமல் பி.என்.பி.யும், இதயத் தசை சேதத்தைக் காட்டும் ட்ரோபோனினும் பார்த்துவிடலாம் என்பது என் திட்டம். நீ உள்ளே போயிருந்தபோது மேசைமேல் இருந்த உன் பைலைப் புரட்டினேன். குடும்பத்தில் இதயநோய் உண்டா என்ற இடத்தில், அம்மாவுக்குக் காய்ச்சலால் வந்தது, வேறு யாருக்கும் இல்லை என்று எழுதியிருந்தது. நீ சொல்லி உன் டாக்டர் எழுதியது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் நான் சொன்ன பொய் சிதம்பரத்தில் உன் பைலில் உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான், மூச்சு வாங்குகிறது என்று நீ சொன்னாலும் அவர் எல்லாக் கர்ப்பிணிக்கும் உள்ளதுதானே என்று விட்டுவிடுகிறார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அந்த வரியைப் படித்தபிறகு ஊசியை வெளியே எடுக்க எனக்குக் கை வரவில்லை. இன்னொரு பொய் சொல்லி இன்னொரு எண் கொண்டுவந்து, அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? நல்லதாக வந்தால் என்னாலேயே நம்ப முடியாது.

போன வருஷக் கடைசியில் புயலடித்து லேபின் கூரை போனபோது பழைய ரெஜிஸ்டர் எல்லாம் நனைந்து கூழாகிவிட்டது. அந்தப் பின்பக்கக் காகிதமும் அதிலே போயிற்று. உன் அம்மாவின் முதல் டெஸ்ட் எப்படி எடுக்கப்பட்டது என்று சொல்ல இந்த உலகத்தில் இப்போது நான் ஒருத்தன்தான் இருக்கிறேன். நான் சொல்லாமல் செத்துப்போனால் அந்த எண் நார்மலாகவே நிலைத்துவிடும்.

உனக்கு ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். அத்தை சொன்னபடி பிள்ளை மேலே முட்டுவதாலேயே மூச்சு வாங்கலாம். அப்படி இருந்தால், அப்பாவுக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரி, நானும் சேர்ந்து சிரிக்கிறேன். ஆனால் நீ டாக்டரிடம் மறைக்காமல் சொல்லவேண்டும். அம்மாவுக்குக் காய்ச்சலுக்கு ஒரு வருஷம் முன்பே மூச்சு வாங்கியது, அன்றைக்கு எடுத்த இரத்தம் கண்ணாடி பாட்டிலில் எடுத்தது, அதை நம்பாதீர்கள் என்று சொல். தாய்மாமன் முப்பத்துநாலு வயதில் படகில் மூச்சு வாங்கி இறந்தார் என்று சொல், கடலில் போய்விட்டார் என்று சொல்லாதே. உனக்கு மூன்று தலையணை வேண்டியிருக்கிறது என்று சொல். இல்லை என்று எழுதிய இடத்தை உன் கண்ணெதிரே அடிக்கச் சொல். யார் சொன்னது என்று கேட்டால் என் பெயரைச் சொல், லேப் வைத்திருக்கும் அப்பா என்றே சொல். எக்கோ என்பது உன் வயிற்றில் பிள்ளையைப் பார்த்தார்களே, அந்த ஸ்கேன் மாதிரிதான். பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. இரத்தம் மட்டும் எடுத்து நல்லதாக வந்தால் அதோடு எழுந்து வந்துவிடாதே, எக்கோவும் எடுத்துவிட்டுத்தான் வரவேண்டும். உன் அப்பா ஒரு எண்ணை வைத்துக்கொண்டு பதினோரு மாதம் ஓட்டினான், நீ ஒருநாள்கூட ஓட்டாதே.

மாப்பிள்ளைக்கு நேற்றே போன் செய்தேன். காரணம் சொல்லவில்லை, இதய டாக்டரிடம் இன்றைக்குப் பத்து மணிக்கு டோக்கன் மட்டும் போட்டுவைக்கச் சொன்னேன். "இன்னா மாமா, எதுனா பிரச்சனையா?" என்று பதறினார். கலை சொல்லும் என்றேன். உன் மாமியாரிடமும் நீயே சொல்லிக்கொள். என் பங்குக்கு என்னால் முடிந்தது இவ்வளவுதான். உன் மூச்சை நான் வாங்க முடியாது. உன் இரத்தத்தைத் தொடக்கூட எனக்குப் பயமாக இருக்கிறது. இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுத்துவிட்டு உள்ளே வராமல், உன் வீட்டுக்கு எதிரே டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். ஆட்டோ பிடித்து நிறுத்திவைத்திருக்கிறேன். நீ படித்துக்கொண்டிருக்கும் இந்த நேரம் நான் உன் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அம்மாவைக் கொன்றுவிட்டாயே என்று கேள். இத்தனை வருஷம் என் முகத்தைப் பார்த்து எப்படிப் பேசினாய் என்று கேள். இனிமேல் என் வீட்டு வாசலை மிதிக்காதே என்று சொல்வதாக இருந்தாலும் சொல். எல்லாவற்றையும் கேட்டுக்கொள்கிறேன், ஒன்றுக்கும் எதிர்த்துப் பேசமாட்டேன். ஆனால் பைலை எடுத்துக்கொண்டு, செருப்பு மாட்டிக்கொண்டு, ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துகொண்டு திட்டு.

அப்பா